மூன்று மணிக்கு வால்வு திறந்திருந்தது

பாப்பா,

வியாழக்கிழமை நீ போனில் கேட்டதற்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன். "லைன் கிளியரா இல்ல, அப்புறம் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன் அல்லவா? லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ நின்றுகொண்டிருந்த கடையில் தையல் மெஷின் ஓடும் சத்தம்கூட எனக்குத் தெளிவாகக் கேட்டது. போனை வைத்ததும் அடுப்படியிலிருந்து உன் அம்மா, "என்னவாம் புள்ளைக்கு?" என்றாள். "சிக்னல் இல்ல" என்றேன். ஒரே நிமிடத்தில் இரண்டு பொய். உன் அப்பன் இதில் பழகிய ஆள் என்பதை இந்தக் கடிதம் முடிவதற்குள் தெரிந்துகொள்வாய்.

நீ சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், பின்னால் எனக்கு வசதியாக மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. "அப்பா, ஹட்டன் துணிக்கடைக்கு ஃபயர் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்திருக்கேன். வால்வு செக் பண்ணி எழுதுற பழைய புத்தகத்த எடுத்துக் குடுத்தாங்க. நெருப்புப் புடிச்சதுக்கு மொத நாள் தாள்ல உங்க கையெழுத்து இருக்குப்பா. மூணு மணி, மெயின் வால்வு தொறந்திருக்குன்னு எழுதியிருக்கீங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "மூணு மணிக்கு நீங்க என் ஸ்கூல்ல இருந்தீங்களேப்பா. வாணி விழாவுல நான் ஆடினப்ப முன் வரிசையில உக்காந்திருந்தீங்களே" என்றாய். உடனே நீயே, "நான் யாருகிட்டயும் சொல்லலப்பா. புத்தகத்த மூடி வச்சிட்டேன்" என்றாய்.

மற்றதெல்லாம் எனக்கு வர வேண்டியது, வந்தது. அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை ஐந்து நாளாகத் தூங்க விடவில்லை. உன் அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கும், எனக்குத் தெரியும்: முன்பு நடந்த தீ விபத்து, அதன் காரணம். ஒன்பது வருடத்துக்கு முந்திய கோப்பில் "வாட்சரின் கவனக்குறைவு" என்று இருக்கிறது. அதைப் பார்த்து எழுதி அடியில் நீ கையெழுத்துப் போட வேண்டும், வருகிற திங்கட்கிழமைக்குள். மூடிய வால்வு ஒன்றையும் கண்டுகொள்ளாமல் நீ இதுவரை தாண்டிப் போனதில்லை. முதல் தடவையாக எனக்காகப் போகப் பார்க்கிறாய். போகாதே. என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேள்.

அந்தக் கடையின் பைப் முழுவதும் நான் போட்டது, பிறகு அதைத் தினமும் பார்த்து எழுதும் வேலையும் எனக்குத்தான். கட்டாரில் ஏழு வருடம் தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாய் வேலை பார்த்துவிட்டு வந்த கையோடு கிடைத்த வேலை. நான்கு மாடி. வங்கியும் காப்புறுதிக்காரர்களும் கேட்டார்கள் என்பதற்காக மட்டும் முதலாளி சம்மதித்தார், "துணிக்கடையில தண்ணிக் குழாயா?" என்று கடைசி வரை முணுமுணுத்தார். பின்னால் மேட்டில் டேங்க் கட்டினோம். நம் மலைக்கு அது ஒரு வசதி, இறக்கத்தில் வரும் தண்ணீருக்கே வேண்டிய வேகம் இருக்கும். ஒவ்வொரு பைப்பையும் நானே அளந்து, மரை வெட்டி, மாட்டினேன். மிச்சமான ஒரு ஸ்பிரிங்க்ளர் ஹெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், நினைவிருக்கிறதா? நடுவில் சிவப்புத் தண்ணீர் அடைத்த சின்னக் கண்ணாடி பல்ப். கொதிக்கிற தண்ணீரில் போட்டு மூடி வைத்தோம். பட்டென்று வெடித்ததும் நீ துள்ளிக் குதித்தாய், உன் அம்மா அந்தச் சட்டியை மூன்று தடவை கழுவினாள். "அப்ப யாரும் சொல்லாமலே அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். தெரியும் என்றேன். சூடு பட்டால் உடையும், உடைந்தால் தண்ணீர் கொட்டும், மனிதன் விழித்திருக்க வேண்டியதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். கீழே ஒரு வால்வு இருக்கிறது, அதை மனிதன்தான் திறந்து வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. நீ கேட்கவும் இல்லை.

கடையில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். தையல் மெஷின், கத்தரி, அளவுகோல், மாவுப் பொம்மை மாதிரி நிற்கும் சட்டை போட்ட உருவங்கள் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. முதல் வருடம் ஒரு கூத்து நடந்தது. கீழ்த்தட்டில் தையல் பகுதியில் கூரை தணிவு. கட்டிங் மாஸ்டர் பக்தி முற்றி, "இதுவும் கடைக்குக் காவல்தானே" என்று சூடத்தட்டை உயர்த்தி ஸ்பிரிங்க்ளருக்கே தீபம் காட்டிவிட்டார். அது தன் வேலையைச் செய்தது. சரஸ்வதி படம், பொரி, கடலை, முதலாளியின் பட்டு வேட்டி எல்லாம் நனைந்து, கடை முழுக்கச் சிரிப்பு. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் பூஜைக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, "போன வருஷம் மாதிரி தண்ணி கொட்டாம பாத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எப்படி என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பூஜை அன்று காலையில் எல்லோரும் மேலே கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது நான் தனியாகக் கீழறைக்குப் போய் மெயின் வால்வை மூடினேன். வழக்கம்போலச் சக்கரத்தில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டி, சாவியை வாட்சர் அறையில் மாட்டினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. மூடினால் மூடியதாக எழுத வேண்டும், ஒரு அட்டையை வால்விலேயே தொங்கவிட வேண்டும், கடையில் பொறுப்பானவருக்குச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் கட்டாரில் நான் பிறருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இங்கே, இரண்டு மணி நேரம்தானே, நானேதானே திறக்கப் போகிறேன் என்று இருந்துவிட்டேன்.

பூஜை முடிந்து திறக்கப் போனேன். எனக்கு முன்னால் முதலாளி சாமித்தட்டோடு அங்கே வந்திருந்தார். வால்வுச் சக்கரத்துக்குச் செவ்வந்தி மாலை, சந்தனம், குங்குமம், முன்னால் வாழையிலையில் அவல். நான் கையை நீட்டியதும், "சாமி கும்பிட்டத இன்னைக்குத் தொடாதீங்க. எல்லாம் நாளைக்குக் காலையில எடுத்துக்குவோம்" என்றார். வைத்துக் கும்பிட்ட ஆயுதத்தை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்பது என் ரத்தத்திலும் ஊறியதுதான். எங்கள் தோட்டத்து லயத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வைத்துக் கும்பிட்டால் மறுநாள் வரை என் அப்பா அந்தப் பக்கமே போகமாட்டார். ஆனால் பக்தியின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க நான் விரும்பவில்லை. "முதலாளி, இது மூடியிருக்கு, இப்ப தொறந்தாகணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே மாலையை எடுத்திருப்பார். அந்த வார்த்தையைச் சொன்னால் ஏன் மூடினீர்கள், யாரைக் கேட்டீர்கள் என்று பேச்சு நீளும். உன் ஸ்கூலுக்கு வர வேண்டிய நோர்வூட் பஸ் ஒரு மணிக்கு. அதை விட்டால் உன் நடனம் முடிந்திருக்கும். அதற்கு முந்திய மூன்று வருடமும் வருகிறேன் என்று சொல்லி வராமல் இருந்தேன். மூன்று மணிக்கு எழுத வேண்டிய தாளைப் பன்னிரண்டரைக்கே எழுதினேன். மூன்று மணி, வால்வு திறந்திருக்கிறது, கையெழுத்து. பஸ்ஸைப் பிடித்தேன்.

இதை நீ உன் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது. நீ ஆடியதால் அது நடக்கவில்லை. நீ மேடையில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தாயே, அந்தச் சிரிப்புக்கும் அந்தத் தாளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்று நான் பஸ் பிடிக்காமல் கடை வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாலும் அதே பொய்யைத்தான் எழுதியிருப்பேன். அந்த வாரம் முழுக்கப் பார்க்காமலே எழுதியிருக்கிறேன். புத்தகத்தைப் புரட்டிப் பார், எல்லா நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மூன்றாம் மாடி ஸ்டோரில் பிடித்தது. தீபாவளிச் சரக்கு கூரை வரை ஏற்றியிருந்தார்கள். பூஜைக்குக் கட்டிய மின்விளக்குச் சரத்தின் வயர் மூட்டைகளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தது. ஹெட் எதுவும் ஏமாற்றவில்லை, பாப்பா. பல்ப் உடைந்தது. பைப்பில் நின்ற தண்ணீர் வந்தது. அதற்கு மேல் வருவதற்கு ஒன்றும் இல்லை.

கடையில் அப்போது இருந்தது வாட்சர் செபஸ்தியான் மட்டும். நீ செபஸ்தியான் மாமா என்று கூப்பிடுவாய், உனக்கு நெல்லிக்காய் கொண்டுவந்து தருவார். ஓய்ந்த நேரங்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பைப் எப்படி வேலை செய்கிறது என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். புகை நாற்றம் வந்ததும் மேலே ஓடியிருக்கிறார். கதவு வழியை மறித்துக்கொண்டு எரிந்த மூட்டையை இழுத்துத் தள்ளியதில் வலது கை வெந்துபோனது. நிமிர்ந்து பார்த்தால் உடைந்த ஹெட் சும்மா சொட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வர வேண்டுமே என்று அவருக்குத் தெரியும், நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கீழே ஓடி, சாவியை எடுத்து, மாலையை அறுத்து எறிந்து, வெந்த கையாலேயே சக்கரத்தைத் திருப்பினார். அந்தத் தண்ணீர்தான் மிச்ச மூன்று மாடியையும் பக்கத்துக் கடைகளையும் காப்பாற்றியது.

ஆட்கள் வந்தபோது அவர் வால்வைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர் சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வி, "கவுத மேக்க வெஹுவே?" யார் இதை மூடியது? செபஸ்தியான், "மூடியிருந்திச்சி, நான்தான் தொறந்தேன்" என்றார். என் தாளை எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மணிக்குத் திறந்திருந்தது. அதற்குப் பிறகு சாவி அவரிடம். ஆளும் அவர் ஒருவர்தான். மூடியவனுக்குத்தானே மூடியிருப்பது தெரியும், அதனால்தான் நேரே அங்கே ஓடியிருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். கிறிஸ்தவ வேதக்காரர் என்பதால்தான் சாமி மாலையை அறுக்கக் கை வந்தது என்றும் ஒருவர் சொன்னார். விசாரணையில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி: "இது உங்க கையெழுத்துதானே?" ஆமாம் என்றேன். அது பொய் இல்லை என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை என்றும் சொல்லிக்கொண்டேன். முதலாளிக்குச் சந்தேகம் இருந்திருக்கலாம். என்னைக் கேட்டால் தான் சொன்னதும் வெளியே வரும் என்று அவரும் பேசவில்லை. செபஸ்தியானை அந்த வாரமே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு டவுனில் எந்தக் கடையும் அவரிடம் சாவி கொடுக்கவில்லை.

அன்று மத்தியானம் அந்த இடத்தைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். சக்கரத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. அவருடைய தோலும் ஒட்டியிருந்தது. நான்தான் துடைத்தேன். துடைத்துவிட்டு வந்து வீட்டில் சோறு சாப்பிட்டேன், பாப்பா. அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

நீ இந்தத் தொழிலுக்குப் போகிறேன் என்றபோது நான் ஏன் அவ்வளவு கத்தினேன் என்று உனக்கு இப்போது புரியும். பெண்பிள்ளை ஏணி ஏறுவதா என்று கத்தியதெல்லாம் நடிப்பு. என்றைக்காவது ஒருநாள் நீ அந்தப் புத்தகத்தைத் திறப்பாய் என்று பயந்தேன். நீ போனாய், என்னைவிட நன்றாகக் கற்றாய். பெயின்ட் பட்ட ஹெட்டைச் சுரண்டித் துடைக்காமல் கழற்றி எறியச் சொல்லி ஒரு ஓட்டல் மேனேஜரோடு நீ சண்டை போட்டதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. உனக்கு நான் சொல்லித்தர ஒன்றுதான் மிச்சம். அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளை நம்பாதே. அன்று நான் வால்வை மூடிய பிறகும் முள் பச்சையில்தான் நின்றது, மேலே சிக்கிய தண்ணீரின் அழுத்தத்தில். மாலையில் செபஸ்தியான் அதைப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாக உட்கார்ந்தார். வடிகால் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வேகம் குறையாமல் வருகிறதா என்று நின்று பார். வால்வில் கை வைத்துத் திருப்பிப் பார். பிறகு பேனாவை எடு. தாளில் இருப்பது உன் அப்பன் எழுத்தாக இருந்தாலும் பார்க்காமல் நம்பாதே.

சனிக்கிழமை உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். "புள்ளைக்கு அப்புறம் எழுதலாம். மொதல்ல அவருகிட்ட போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

நேற்று மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போனேன். செபஸ்தியான் யாத்திரை சீசனுக்கு அங்கே கடை போட்டிருக்கிறார். மலையேற வருகிறவர்களுக்குக் கம்பளித் தொப்பி, கையுறை. வலது கையில் மூன்று விரல் மடங்குவதில்லை, இடது கையால்தான் தொப்பிகளை அடுக்குகிறார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாங்க, பாப்பா இப்ப பெரிய இன்ஸ்பெக்டராமே?" என்றார். பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த பேச்சு எல்லாம் மறந்துபோனது. "வால்வ மூடினது நான்தாங்க. நீங்க இல்ல" என்றேன். அவருக்கு உடனே விளங்கவில்லை. காலையில் மூடியது, மாலை போட்டது, பன்னிரண்டரைக்கு மூன்று மணி என்று எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு குடும்பம் வந்து தொப்பி கேட்டது. எடுத்துக் கொடுத்தார். அவர்கள் போகும்வரை நான் நின்றேன்.

பிறகு மெதுவாகப் பேசினார். "நான்தான் மூடிட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேங்க. அன்னைக்குச் சாயங்காலம் சங்கிலிய இழுத்துப் பாத்தேன், பூட்ட ஆட்டிப் பாத்தேன். எல்லாரும் சொல்லச் சொல்ல, அப்ப எங்கயோ தெரியாம திருப்பித் தொலைச்சிட்டேன் போலன்னு எனக்கே ஆகிப்போச்சி." அந்த மடங்காத கையைப் பார்த்தார். "கோயில்ல பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருக்கேங்க. ஒரு தடவ இல்ல, வருஷா வருஷம். முழங்கால் போட்டு அழுதிருக்கேன். அப்ப நான் சொன்னது ஒங்க பாவமா?"

ஒன்பது வருடமாக நான் பயந்ததெல்லாம் அவர் என்னைத் திட்டுவார், அடிப்பார் என்பதுதான். இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருடைய வேலையையும் கையையும் எடுத்தது மட்டுமில்லை, தான் செய்தது எது என்று அவருக்குத் தெரிந்திருந்ததையும் நான் எடுத்துவிட்டேன். காலில் விழப் போனேன். பின்னால் நகர்ந்துகொண்டார். "வேணாங்க. இங்க வந்து என் காதுல சொல்லி என்ன பிரயோசனம்? எந்தக் கடையில நான் மூடினேன்னு சொன்னாங்களோ அங்க போய்ச் சொல்லுங்க. எல்லாரும் இருக்கறப்ப சொல்லுங்க. நானும் வந்து நிப்பேன்." மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. தேநீர் குடிக்கச் சொல்லவும் இல்லை.

இன்று காலை முதலாளியின் மகனுக்குப் போன் செய்தேன். இப்போது கடை அவர் பொறுப்பில்தானே. திங்கட்கிழமை கடையில் வேலை செய்கிற எல்லோரையும் கீழறை வாசலில் கூட்டச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டார், வந்து சொல்கிறேன் என்றேன். இந்தக் கடிதத்தோடு நடந்ததைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அதை உன் அறிக்கையோடு சேர். அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுது. உன் அப்பா என்று எழுத வேண்டாம், பெயரை மட்டும் எழுது. அதனால் எனக்கு வேலை போகும், கேஸ்கூட வரலாம். வரட்டும். இந்தக் கடிதத்தை உன் ஆபீசில் யார் கேட்டாலும் படிக்கக் கொடு, உறையை ஒட்டாமல்தான் தபாலில் போடுகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, பாப்பா. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன். உன்னைத் துணைக்குக் கூப்பிடத்தான் தோன்றுகிறது, ஆனால் என் பக்கத்தில் வந்து நிற்காதே. செபஸ்தியான் மாமா பக்கத்தில் நில். சங்கிலியைக் கழற்றி, எல்லோர் முன்னிலும் அவர் கையாலேயே வால்வைத் திறந்து மூடிக் காட்டச் சொல், எந்தப் பக்கம் திருப்பினால் மூடும், எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்று அவருக்கு இனிமேல் சந்தேகம் வரக் கூடாது. பிறகு நான் பேசுகிறேன். நேரத்தை நானே சொல்லியிருக்கிறேன், மூன்று மணி. நீ கடிகாரத்தைப் பார்த்து உன் தாளில் குறித்துக்கொள். இந்த முறை நான் அங்கே இருப்பேன்.

உன் அப்பா